மஞ்சள் படியாத சோழிகள்

முன்னொரு காலத்தில் பவளக்குன்றம் என்ற நாட்டை மகுடபதி என்ற ராஜா ஆண்டுவந்தான். எதையாவது அளக்காவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. பட்டத்து யானையின் தும்பிக்கையை மாதம் ஒருமுறை அளப்பான். சபையில் யார் எத்தனை முறை சிரித்தார் என்று எழுதிவைக்கச் சொல்வான். குறைவாகச் சிரித்தவர் மறுநாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும்.

அந்த வருஷம் நாட்டில் அம்மை பரவியது. மந்திரி சேந்தனார் கட்டவைத்த வைத்தியசாலையில் இடம் போதாமல் நடையிலும் பாய் விரித்தார்கள். நோயாளிகளைத் துடைத்துவிடவும், புண்ணுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசவும், செத்தவர்களைத் தூக்கவும் மொத்தம் நாற்பது பேர்தான்.

ஒருநாள் ராஜாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. "அந்த நாற்பது பேரும் மனநிறைவோடு வேலை செய்கிறார்களா? எனக்கு அளந்து சொல்லுங்கள்."

சேந்தனார் வாய் திறப்பதற்குள் வீரபாகு ராயர் எழுந்துவிட்டார். வைத்தியசாலைக்கு அரிசி, துணி, ஆள் எல்லாம் கொடுப்பது ராயரின் பொறுப்பு. கொடுத்ததைவிடக் கொடுக்காததே அதிகம். மந்திரி மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல் வேறு.

"அடியேன் அளக்கிறேன் மகாராஜா. மனம் நிறைந்தவர் குடத்துக்குள் ஒரு சோழி போடட்டும். நிறையாதவர் ஒரு புளியங்கொட்டை போடட்டும். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது."

மூன்றாம் நாள் குடம் சபைக்கு வந்தது. கவிழ்த்தார்கள். முப்பத்தொன்பது சோழிகள், ஒரே ஒரு புளியங்கொட்டை.

ராஜாவின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "அந்த ஒன்று யார்?"

"யாருக்கும் தெரியாது என்றாரே ராயர்," என்றார் சேந்தனார்.

"போடும்போது கை நடுங்கியதைக் கண்டேன் மந்திரியாரே. காத்தாயி என்று ஒருத்தி. கட்டுத்துணி போதவில்லை என்று மூன்று முறை என் வாசலில் வந்து நின்றவள்."

"என் சோற்றைத் தின்றுவிட்டு என்னையே குறை சொல்லும் கை," என்றான் ராஜா. "பொழுது சாய்வதற்குள் அதை வெட்டிவிடுங்கள்."

காத்தாயியை இழுத்து வந்தார்கள். நாற்பது வயதிருக்கும். புடவையெல்லாம் கஞ்சியும் சீழும். தண்டனையைக் கேட்டும் அவள் அழவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாதவள் போல நின்றாள்.

"நான் கொடத்துக்கிட்டயே வரலை மகாராஜா. பதினாலாம் பாய்க்காரரு என் கையப் புடிச்சிக்கிட்டிருந்தாரு. உசிரு போற நேரம். உதறிட்டு வர முடியலை."

"செத்தவனா சாட்சி?" என்று ராயர் சிரித்தார். சபையும் சிரித்தது. வெயிலில் நிற்க யாருக்கு ஆசை?

சேந்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரை மஞ்சள்.

"ராயரே, குடத்தடியில் வரிசை கட்டி நின்றதில் இவர்களுக்கு வெகுநேரம் வேலை கெட்டிருக்குமே?"

"கெட விடுவேனா? மருந்து பூசிக்கொண்டிருந்தவர்களை அப்படியே வரச்சொன்னேன். கைகூடக் கழுவவிடவில்லை. போட்டதும் திருப்பி ஓட்டினேன்."

"பிறகு குடத்தை யாராவது தொட்டார்களா?"

"என் அறையில் பூட்டி வைத்தேன். ஈகூட நுழையவில்லை."

"நல்லது. உங்கள் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு கொடுங்கள்."

மந்திரிக்கு வெற்றிலை போடும் நேரமா இது என்று முணுமுணுத்தபடி ராயர் கொடுத்தார். சேந்தனார் அதை ஒரு தட்டு நீரில் கரைத்து, சோழிகளையும் புளியங்கொட்டையையும் அதில் கொட்டினார். நீர் வெள்ளையாகவே இருந்தது.

"காத்தாயி, கையை நனை அம்மா."

நனைத்தாள். தட்டு ஆரத்தி கரைத்தது போலச் சிவந்தது. அவளுடைய விரல் வெடிப்புகளில் ஊறியிருந்த மஞ்சள், காயத்திலிருந்து கசிவது போல இழை இழையாக இறங்கியது.

"நாற்பது பேர் கழுவாத கையால் போட்டதாக ராயர் சொல்கிறார். அப்படியானால் நீர் முதலிலேயே சிவந்திருக்க வேண்டும். இந்தச் சோழிகளை வைத்தியசாலையில் யாரும் தொடவே இல்லை மகாராஜா. இந்தப் புளியங்கொட்டையையும்தான்."

ராஜா ராயர் பக்கம் திரும்பினான். "அவர்கள் போட்டது எங்கே?"

ராயர் தன் அறை இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். காவலர்கள் போய் அவருடைய சன்னலுக்குக் கீழே வாழையடியில் கிடந்தவற்றை அள்ளி வந்தார்கள். முப்பத்தொன்பது. அத்தனையும் புளியங்கொட்டை. வேறொரு தட்டுச் சுண்ணாம்பு நீரில் போட்டார்கள். அதுவும் சிவந்தது.

இம்முறை சபையில் யாரும் சிரிக்கவில்லை. ராஜாவும் சிரிப்புகளை எண்ணவில்லை. இன்னொரு தட்டு கேட்டான். தன் கையை அதில் நனைத்தான். நீர் வெள்ளையாகவே இருந்தது. கையை மெதுவாக எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

"இது வேண்டாம் மகாராஜா. துணி வேண்டும். இன்னும் இருபது ஆள் வேண்டும்."

"கொடுத்தேன். அந்த இருபதில் முதல் ஆள் ராயர். காத்தாயி, உனக்கு என்ன வேண்டும்?"

"நான் போகட்டுமா மகாராஜா? பதினாலாம் பாயில வேற ஆளு வந்துட்டாரு."

ஒரு மாதம் போயிற்று. புதிதாக வந்த இருபது பேரில் ஆறு பேரை அம்மை கொண்டுபோனது. ராஜாவுக்கு அளக்கும் ஆசை திரும்பவும் வந்தது. யாரையும் நம்பாமல் குடத்தைத் தானே சுமந்துகொண்டு வைத்தியசாலைக்குப் போனான்.

ராயர் ஒரு கிழவரின் முதுகுப் புண்ணுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தார். அவர் கையும் மணிக்கட்டு வரை மஞ்சள்.

"சோழியா, புளியங்கொட்டையா ராயரே? பயப்படாமல் சொல்லும்."

ராயர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "குடத்தை அங்கே வைத்துவிட்டு இவர் தோளைக் கொஞ்சம் பிடியுங்கள் மகாராஜா. ஆள் போதவில்லை."

ராஜா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிழவரின் தோளைப் பிடித்தான்.

அன்று அரண்மனைக்குத் திரும்பி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபோது ராஜாவின் விரல் சிவந்தது.