பாறைக்குப் போன சீம்பால்

மூங்கில்காட்டு மான்களிடம் ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. குட்டி ஈன்றதும், தாய்மான் தன் முதல் பாலான சீம்பாலை ஒரு பாறைக்குழியில் சொட்டவிட்டு வந்துவிடும். குட்டிக்கு அன்றைக்கு ஓடைத் தண்ணீர்தான்!

"மஞ்சளா, பிசுபிசுன்னு இருக்கே, அது கெட்ட பால்! பாறைக்கு விட்டுடுங்க" என்று என்றைக்கோ சொல்லிவைத்தது நரி. அதனால் யாருக்கு லாபம் என்று ஒரு மானும் கேட்கவில்லை.

மழை முடிந்ததும் அந்தக் காட்டில் கொள்ளைக் காய்ச்சல் வரும். பெரிய மான்கள் நாலு தும்மல் போட்டுவிட்டுத் தேறிவிடும். பச்சைக் குட்டிகள் தேறாது. செம்பி என்ற மான் போன வருடம் தன் குட்டியை அப்படித்தான் பறிகொடுத்தது.

இந்த வருடமும் காய்ச்சல் பரவும் நேரத்தில் செம்பிக்குக் குட்டி பிறந்தது. பாறைக்குப் போக அது எழுந்திருக்கவே இல்லை.

"என்னடி, படுத்தே கெடக்கே? நேரமாகுது!" என்றது பக்கத்தில் நின்ற நிறைமாத மான் நீலி.

"இந்தப் பால் என் குட்டிக்குத்தான் அக்கா."

"பைத்தியமா உனக்கு? குட்டி செத்துப்போகும்!"

"போன வருஷம் பாறைக்குத்தானே விட்டேன்? பொழச்சுதா? வெள்ளத்துல அக்கரையில மாட்டிக்கிட்டு ஈன்னாளே வள்ளி, அவளுக்குப் பாறை ஏது? முதல் பாலைக் குட்டிக்கே குடுத்தா. காய்ச்சல்ல பொழச்சது அந்த ஒரு குட்டிதான்!"

சேதி கேட்டு நரி தலைதெறிக்க ஓடிவந்தது. "ஐயையோ! பெத்த பிள்ளைக்கு விஷம் குடுப்பியா?" என்று கண்ணைக் கசக்கியது.

செம்பி உற்றுப் பார்த்தது. நரியின் மீசையில் மஞ்சள் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"விஷம் குடிச்ச மூஞ்சி இப்படியா மினுமினுக்கும் அண்ணே? மொதல்ல மீசையைத் துடைச்சுக்கோ!" என்றது செம்பி. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவியது. குட்டி வயிறு முட்டக் குடித்தது.

பத்தாம் நாள் காய்ச்சல் வந்தே விட்டது. குட்டி துவண்டு விழுந்தது. ஆனாலும் செம்பி மனம் தளரவில்லை. குட்டியை மடியோடு அணைத்துக்கொண்டே கிடந்தது. சீம்பாலோடு உள்ளே போயிருந்த, நோயை எதிர்க்கும் காவல்படை சும்மா இருக்குமா? காய்ச்சலோடு மல்லுக்கட்டியது. காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் காலையில் குட்டி தள்ளாடி எழுந்து, தாயின் மடியை முட்டியது!

அதைப் பார்த்து நீலி அழுதேவிட்டது. அடுத்த வாரம் குட்டி ஈன்றபோது அது பாறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த நரி, வெறும் பாறையை நக்கிவிட்டுப் போனது.

பிறந்த பிள்ளைக்குத் தாயின் முதல் பாலே முதல் காவல். அதைத் தடுக்கிறவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் கேட்கக் கூடாது.