குறை கேட்கும் மன்றம் பிறந்த கதை

முன்னொரு காலத்தில், ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் செந்நெல் நாடு என்றொரு நாடு இருந்ததாம். அந்நாட்டுக் கீழ்மடை ஊரில் வடிவாயி என்ற பெண் தன் கையால் உழுது, தன் கையால் நட்டுப் பிழைத்துவந்தாள்.

ஒரு வருஷம் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில், மடை அதிகாரி ஊருக்கு வரும் தண்ணீரை அடைத்துத் தன் மாமனார் வயலுக்குத் திருப்பிவிட்டார். பயிர் வாடியது, ஊர் தவித்தது.

“அரசரிடமே முறையிடுகிறேன்!” என்று புறப்பட்டாள் வடிவாயி.

கொலு மண்டபத்தில் கைகூப்பி வாயைத் திறந்தாள். “மடை அதிகாரி தங்கமானவர்! தண்ணீர் ததும்புகிறது, மகாராஜா!” என்று வந்தது பேச்சு. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது! அரசர் மகிழ்ந்து அனுப்பிவைத்தார்.

மறுநாளும் போனாள். மறுநாளும் புகழ்ச்சிதான் வந்தது.

அழுதுகொண்டே வெளியே வந்தவளை, வாசலில் இருந்த கல் சிங்கம் கூப்பிட்டது.

“பெண்ணே, ஏழு வருஷமாகப் பார்க்கிறேன். அழுதுகொண்டு உள்ளே போகிறவர்கள் எல்லாரும் புகழ்ந்துவிட்டுத்தான் வருகிறார்கள். மந்திரி கார்முகன் ஒரு மாயாவி. அதிகாரிகளைப் பற்றிய எந்தக் குறையும் புகழ்ச்சியாக மாறும்படி மண்டபத்துக்கு மந்திரம் போட்டிருக்கிறான். ஒரே ஒரு குறையையாவது அரசர் ‘உண்மைதான்’ என்று ஒப்புக்கொண்டால் மந்திரம் உடையும்.”

“சொல்லவே முடியாத குறையை அவர் எப்படி ஒப்புக்கொள்வார்?”

வடிவாயி யோசித்தாள், யோசித்தாள், யோசித்துக்கொண்டே இருந்தாள். அதிகாரிகளைப் பற்றித்தானே பேச முடியாது?

மூன்றாம் நாள் மண்டபத்தில் நிமிர்ந்து நின்றாள்.

“மகாராஜா, குறை உங்கள் மேல்தான்!”

காவலர்கள் வாளை உருவினார்கள். கார்முகனின் முகம் வெளுத்தது. அரசரைக் குறை சொல்லவும் ஒருத்தி வருவாள் என்று அவன் நினைத்ததே இல்லை!

“ஏழு வருஷமாக நீங்கள் கீழ்மடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காய்ந்த கதிரைத் தொட்டுப் பார்க்கவில்லை. எல்லாரும் புகழ்கிறார்களே, ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.”

“இவள் தலையை வெட்டுங்கள்!” என்று கத்தினான் கார்முகன்.

“நில்லுங்கள்!” என்றார் அரசர். தலை குனிந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “உண்மைதான். நான் கேட்கவில்லை.”

படாரென்று மந்திரம் உடைந்தது! ஏழு வருஷமாகச் சுவர்கள் விழுங்கிய குறைகள் எல்லாம் குரலாகக் கொட்டின. “என் மாட்டை ஓட்டிப் போனார்கள்!” “என் மகனைக் காரணமில்லாமல் சிறையில் அடைத்தார்கள்!” “என் வீட்டை இடித்தார்கள்!” அரசர் கண்ணீர் விட்டார். கார்முகனின் மாயம் அத்தனையும் கரைந்துபோக, காவலர்கள் அவனைப் பிடித்துக் கட்டினார்கள். அன்று மாலைக்குள் மடை திறந்தது.

“என்ன பரிசு வேண்டுமம்மா?” என்றார் அரசர்.

“எனக்கென்று எதுவும் வேண்டாம். நான் உயிரைப் பணயம் வைத்துச் சொன்னேன். நாளைக்கு வருகிறவர்கள் பயமில்லாமல் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மன்றம் வேண்டும். குறைக்கு ஆளான அதிகாரி அங்கே நீதி சொல்லக்கூடாது. குறை சொன்னவரை யாரும் தண்டிக்கக்கூடாது. அரசர் மேல் குறை வந்தாலும் அரசரே வந்து பதில் சொல்ல வேண்டும்.”

அரசர் எழுந்து நின்று மூன்றுக்கும் சம்மதித்தார். ஊர்களெல்லாம் கூடித் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் மன்றத்தில் அமர்ந்தார்கள். அவர்களுக்கு வடிவாயியே தலைவி.

மன்றம் திறந்த காலையில், முதல் ஆளாக ஒரு கிழவர் ஊன்றுகோலோடு வந்தார். உள்ளே வராமல் கீழேயே நின்றார்.

“யார் மேல் குறை, ஐயா?”

“உங்கள் மேல்தான்! படியை இத்தனை உயரமாகக் கட்டினால் நான் எப்படி ஏறுவேன்?”

வடிவாயி ஆசனத்தை விட்டு இறங்கி வந்து, அவர் முன்னால் கைகூப்பினாள். “உண்மைதான் ஐயா, தப்பு எங்களுடையது.” அங்கேயே கொத்தனாரை வரவழைத்துப் படியை உடைத்துச் சரிவாக்கச் சொன்னாள்.

கிழவர் ஊன்றுகோலை ஊன்றி, தலையை நிமிர்த்தி, அந்தச் சரிவில் ஏறினார். அவர் பின்னால் செந்நெல் நாடே தலை நிமிர்ந்து ஏறியது. அப்படி ஏறியவர்கள் யாரும் அதன் பிறகு எந்த அதிகாரிக்கும் பயந்து குனியவில்லையாம்!