எட்டு யானையும் கச்சிராயர் கணக்கும்

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, குறுங்கானம்கிற நாட்டைச் சூரமாறன்னு ஒரு ராஜா ஆண்டார். மனசு தங்கம்தான், ஆனா மூக்கு நுனியில கோபம். ஒரு ஊர்வலத்துல பட்டத்து யானை கரும்பைப் பார்த்துட்டுச் சட்டுனு திரும்பிடுச்சு. அம்பாரியில ராஜா சாய்ஞ்சுட்டார். சனங்க சிரிச்சுட்டாங்க. அவ்வளவுதான், பாகன் வேலாண்டியைச் சபைக்கு இழுத்துட்டு வந்தாங்க.

அவன் பொண்டாட்டிக்கு நிறைமாசம். பாவம், என்ன ஆகுமோன்னு கையைக் கூப்பிக்கிட்டு நின்னான்.

"யானை பண்ணினதுக்கு இவன் என்ன செய்வான், மகாராஜா? விட்டுடுங்க," என்றார் அமைச்சர் உமையாள்.

ராஜா இந்த அம்மா பேச்சையே கேட்கிறாரேன்னு சபையில இருந்த கச்சிராயர்ங்கிற பிரபுவுக்கு வயித்தெரிச்சல். எழுந்துட்டார் மனுஷன். "சும்மா விடுறதாவது! நம்ம கொட்டில்ல இருக்கிற எட்டு யானையையும் முன்பின் மாத்தி, தினம் ஒரு புது வரிசையா நிறுத்தட்டும். நின்ன வரிசை திரும்ப வரக் கூடாது. எல்லா வரிசையும் தீர்ந்ததும் வீட்டுக்குப் போகட்டும். அதுவரை கொட்டிலை விட்டு நகரக் கூடாது."

"எத்தனை நாள் ஆகும்?" உமையாள் கேட்டார்.

"மூணு யானைக்கு ஆறு வரிசை. எட்டுக்குப் பதினாறு. அமைச்சருக்கு இதுகூடவா தெரியாது?"

உமையாள் கோபப்படலை. "நம்ம வழக்கப்படி தண்டனை சொன்னவரும் அது முடியற வரைக்கும் கூடவே இருக்கணுமே," என்றார். யாரும் விளையாட்டுக்குத் தண்டனை சொல்லிடக் கூடாதுன்னு அந்த நாட்டுல அப்படி ஒரு வழக்கம்.

"பதினாறு நாள்தானே, இருக்கேன்," என்று சபை நடுவுல வாக்குக் கொடுத்தார் கச்சிராயர்.

"நல்லது. மூணுக்கு ஆறு, சரிதான். நாலாவது யானை வந்தா, அந்த ஒவ்வொரு வரிசையிலயும் முன்னால, பின்னால, இடையில ரெண்டு இடம்னு நாலு இடத்துல நிக்கலாம். ஆறு நாலு இருபத்து நாலு. அஞ்சாவது யானைக்கு அஞ்சு இடம், நூத்தி இருபது. ஆறாவதுக்கு எழுநூத்தி இருபது. ஏழாவதுக்கு ஐயாயிரத்து நாற்பது. எட்டாவதுக்கு நாற்பதாயிரத்து முந்நூத்தி இருபது. நாளுக்கு ஒண்ணுன்னா நூத்திப் பத்து வருஷம் தாண்டும், கச்சிராயரே. படுக்கையைக் கொட்டிலுக்கே அனுப்பிடட்டுமா?"

கச்சிராயர் முகம் செத்துப் போச்சு. "மகாராஜா, பாகனை விட்டுடுங்க," என்று அவரே கும்பிட்டார்.

சபையே சிரிச்சது. ராஜா மட்டும் சிரிக்கலை. "என் கோபத்துல ஒருத்தன் ஆயுசே போயிருக்குமே," என்று தன் முத்துமாலையைக் கழற்றி உமையாள் கையில கொடுத்தார். "கச்சிராயரே, ஒரே ஒரு நாள் யானைக் கொட்டிலைப் பெருக்கிட்டு வாரும். வேலாண்டி, நீ இன்னும் ஏன் நிக்கிறே? ஓடு."

வேலாண்டி ஓடின ஓட்டத்துல வீட்டு வாசல்லதான் நின்னான். உள்ளே அவன் பொண்டாட்டி வலியில துடிச்சுக்கிட்டு இருந்தா. அவன் குரல் கேட்டதும், "இப்பதான் வர வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்று திட்டிக்கிட்டே அவன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.