வாசலில் இறங்கித் தள்ளவும்

பல்கலைக்கழகப் பதிவாளர் தணிகாசலம் நாற்பது சைக்கிள்கள் வாங்கி வளாகத்தில் நிறுத்தினார். வெள்ளிக்கிழமைகளில் யாரும் காரில் வரக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆறு வெள்ளிக்கிழமைகள் போயின. சைக்கிள் இருக்கைகளைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

அவருடைய ஆய்வு நெறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பேராசிரியர் மங்களேஸ்வரி. அவரிடம் போனார்.

"ஏன் மேடம் யாருமே வர மாட்டேங்கறாங்க?"

"நாளைக்கு நீ சைக்கிள்ல போ. பெரிய வாசல் வழியா. போட்டோக்காரன் வேண்டாம்."

மறுநாள் காலை, தொப்பியும் பனியனும் வியர்வையுமாக வாசலுக்கு வந்தார் தணிகாசலம். காவலர் பிச்சமுத்து குறுக்கே கை நீட்டினார்.

"அண்ணே, இறங்குங்க. நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத் தள்ளிக்கிட்டுப் போங்க."

"நான் யார்னு தெரியுதா?"

"சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"பதிவாளர்."

பிச்சமுத்து சிரித்துவிட்டார். "போன வாரம் ஒருத்தர் துணைவேந்தரோட மச்சான்னாரு. எட்டு வருஷமா பதிவாளருக்கு சல்யூட் அடிக்கறேன். எனக்கே கதை விடறீங்களா?"

எட்டு வருடமும் அந்த சல்யூட்டைக் கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருந்துதான் வாங்கியிருந்தார் தணிகாசலம்.

பின்னால் ஹாரன் அடித்தது. பிச்சமுத்து சைக்கிளின் கேரியரைப் பிடித்து அவரை ஓரமாக இழுத்துவிட்டு, காருக்கு விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். பிறகு காவலறைச் சுவரைக் காட்டினார்.

"என்னை ஏன் மொறைக்கறீங்க? படிச்சுப் பாருங்க. நானா எழுதினேன்?"

சைக்கிளில் வருவோர் வாசலில் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும் என்று மஞ்சளித்துப்போன தாள் ஒன்று சொன்னது. கீழே தணிகாசலத்தின் கையெழுத்தேதான் இருந்தது. அதே சுவரில் ஒரு பழைய சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் கைப்பிடியில் சாப்பாட்டுப் பை தொங்கியது.

தணிகாசலம் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

மாலையில் மங்களேஸ்வரி வீட்டு வாசலில் தணிகாசலத்தின் கார் நின்றது.

"புரிஞ்சுது, மேடம். வாசல்லயே அவமானப்படுத்தினா எவன் வருவான்? சரி பண்ணிட்டேன்."

"அந்தத் தாளைக் கிழிச்சுட்டியா?"

"அது பாதுகாப்பு விஷயம். ரெண்டு சைக்கிள் திருடு போனப்ப போட்டது. அதை எடுக்க முடியாது."

"பின்ன எதைச் சரி பண்ணினே?"

"அந்தக் காவலரை. கான்ட்ராக்ட் ஆள்தான். நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு மத்தியானமே சொல்லிட்டேன். புதுசா வர்றவனுக்கு என் போட்டோவைக் கொடுத்திருக்கேன்."

மங்களேஸ்வரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"இனிமேலாவது வருவாங்களா, மேடம்?"

"ஆயிரம் பேர் வேலை பார்க்கற இடம், தணிகாசலம். தினமும் சைக்கிள்ல வந்துட்டிருந்தது ஒரே ஒருத்தன். அவனையும் மத்தியானமே அனுப்பிட்டியே."