பாலத்தின் மேல் ஒரு லாரி

"என் பிள்ளைங்களுக்கு யோசிக்கவே தெரியல, மேடம்."

தில்லைநாயகம் பொறியியல் கல்லூரியில் சிவில் துறை விரிவுரையாளர். எட்டு வருடமாக அவர் பாடத்தில் ஒருவரும் தோற்றதில்லை.

ஆனால் அந்த வாரம் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், புத்தகத்தில் இல்லாத ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். கடைசி வருட மாணவர்கள் நாற்பத்திரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை.

பேராசிரியர் மெஹருன்னிசா கேட்டுக்கொண்டிருந்தார். தில்லைநாயகத்துக்கே ஒரு காலத்தில் பாடம் எடுத்தவர் அவர்.

"உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்களா, தில்லை?"

"எட்டு வருஷத்துல ஒரு கேள்விகூட வந்ததா ஞாபகம் இல்ல, மேடம். சந்தேகம் இருக்கான்னு தினமும் கேக்கறேன். சிலை மாதிரி உக்காந்திருக்காங்க. எப்படி யோசிக்க வைக்கறது? நீங்கதான் வழி சொல்லணும்."

"நாளைக்கு உன் கிளாஸ்ல உக்காந்துக்கட்டுமா?"

"சரிங்க மேடம். ஆனா வழி?"

"உக்காந்துக்கறேனே."

மறுநாள் அவர் ஒரு நோட்டுடன் வந்தார். "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்று சொல்லி, கடைசி பெஞ்சில் இரண்டு மாணவிகளுக்கு நடுவே அமர்ந்தார்.

முதல் பத்து நிமிடம் தில்லைநாயகத்துக்கு வியர்த்தது. பிறகு பாடம் அவரை இழுத்துக்கொண்டது. பலகையில் ஒரு பாலம் வரைந்தார். பாலத்தின் நடுவே ஒரு லாரியை நிறுத்தினார். பாலம் எவ்வளவு வளையும் என்பதற்கான சமன்பாட்டை எழுத ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், லாரி நின்னா இவ்வளவு வளையும்னீங்க. ஓடிக்கிட்டே இருந்தா? அப்பவும் இதே அளவுதானா?"

அவர் திரும்பவில்லை. கை எழுதிக்கொண்டே இருந்தது.

"அது பரீட்சைக்கு வராதும்மா. இதை எழுதிக்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் குரல் என்று உறைத்தது.

திரும்பினார்.

மெஹருன்னிசா குனிந்து சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி வகுப்பு முழுக்க அதேபோல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.

தில்லைநாயகம் பலகையில் நின்ற லாரியைப் பார்த்தார். எட்டு வருடமாக அதை வரைகிறார். அது ஓடும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஓடினால் என்ன ஆகும்?

சாக்பீஸை வைத்தார்.

"மேடம், என்ன கேட்டீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

மெஹருன்னிசா எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மறந்துபோச்சு, சார்."