பிளேடு நிற்கும் வரை

"மாஸ்டர், இந்த மிஷினை யாருக்காவது கொடுத்துடுங்க. எனக்கு வேண்டாம்."

கும்பகோணத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் சபுராவின் கடை. அதன் வாசலில் நின்றுகொண்டு தட்சிணாமூர்த்தி இப்படிச் சொன்னார். காலடியில் ஒரு சாக்கு மூட்டை. அதை இறக்கிய ஆட்டோ இன்னும் தெருவைத் தாண்டவில்லை.

சபுரா மாஸ்டர் திரும்பவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தேக்குச் சட்டம் ஒன்றை மின் ரம்பத்தில் சாய்வாக அறுத்துக்கொண்டிருந்தார்.

சட்டம் அறுந்தது. மாஸ்டர் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார். பிளேடு பூட்டிய மிஷினின் தலையைத் தூக்கவில்லை. வட்ட பிளேடு கீழேயே சுழன்றது. சத்தம் இறங்கி முனகலானது. பிறகு அதுவும் நின்றது.

அப்புறம்தான் அந்தத் தலையைத் தூக்கினார். திரும்பினார்.

"வாங்கண்ணே. இப்ப சொல்லுங்க. என்ன சொன்னீங்க?"

தட்சிணாமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த 'இப்ப சொல்லுங்க'வைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது!

*

தட்சிணாமூர்த்தி முன்பு பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன். பேசாமலே பாடம் சொன்ன சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். பிள்ளையின் வாய் அதற்குக் கட்டுப்படவில்லை.

கண் வாடிக்கையாளரின் முகத்தில் இருக்கும். வாய் பேசிக்கொண்டே இருக்கும். கை தன்பாட்டுக்கு விரித்த புடவையை மடித்து ஓரமாக ஒதுக்கும். தன் கை என்ன செய்கிறது என்று அவர் பார்த்ததே கிடையாது. பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

மகளின் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போடத்தான் சபுராவின் கடைக்கு முதலில் வந்தார். நாலு மூலையும் கோடு தெரியாமல் ஒட்டி நின்றதைப் பார்த்து அசந்து போனார்.

"எனக்கு இதைச் சொல்லித் தருவீங்களாம்மா?"

மாஸ்டர் அறுத்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. வெகுநேரம் வரவே இல்லை. பிளேடு நின்ற பிறகு, "என்ன கேட்டீங்கண்ணே?" என்றார்.

தட்சிணாமூர்த்தி மறுபடி கேட்டார். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது.

"நாளைக்கு முழுக்கைச் சட்டை போடாம வாங்க."

அவரைவிடப் பத்து வயது சின்னவர் சபுரா. அன்றிலிருந்து அவர் மாஸ்டர் ஆனார். இவர் அண்ணனாகவே இருந்தார்.

*

அதெல்லாம் நல்ல காலம்.

காலையில் கடையைத் திறந்ததும் தேக்குத் தூளின் வாசனை வரும். எதிர்க்கடை டீ ஆறிப்போய்த்தான் கிடைக்கும், ஆனாலும் ருசிக்கும். ரம்ஜான் மாதத்தில் மாஸ்டர் வீட்டு நோன்புக் கஞ்சி அவருக்கும் ஒரு தூக்கு வரும். மழை நாளில் மரம் ஊதிக்கொள்ளும் என்று அறுப்பை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் பழைய சட்டங்களுக்குப் பாலிஷ் போடுவார்கள்.

அறுக்கிற நாட்களில் தட்சிணாமூர்த்தி கேள்வி கேட்பார். சும்மா இருக்க அவருக்கு வராது.

"மாஸ்டர், மனுசன் எப்ப நிதானத்துக்கு வருவான்?"

மிஷின் பாடும். பிறகு அடங்கும். பிறகு நிற்கும்.

"இப்ப சொல்லுங்க. என்ன கேட்டீங்க?"

அதற்குள் பாதிக் கேள்விகள் கேட்கத் தகுதியில்லாதவை என்று அவருக்கே தெரிந்துவிடும். மீதியையும் கேட்காமல் விழுங்குவார். சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அதையே அசைபோட்டுக்கொண்டு போவார்.

வீட்டில் மனைவியிடம் சொல்வார். "எங்க மாஸ்டர் சட்டுன்னு பதில் சொல்லமாட்டாங்க. குடோனுக்குள்ள போயி உசத்தியான புடவையை எடுத்துட்டு வர்ற மாதிரி, உள்ள போயி எடுத்துட்டு வருவாங்க."

பிறகு அவர் சொந்தமாக ஒரு மிஷின் வாங்கி மன்னார்குடியில் கடை போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போர்டில் தன் பெயரைப் பார்த்தார். கிளம்பும்போது பரிசாகத் தர மாஸ்டரிடம் ஒன்றும் இல்லை. "பிளேடைத் தினம் துடைங்க" என்று மட்டும் சொன்னார்.

*

"உட்காருங்கண்ணே. கையில என்ன கட்டு?"

"நகம் போச்சு. விரல் இருக்கு."

மாஸ்டர் கட்டைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"அன்னையிலேர்ந்து சுவிட்சு மேல கை போகமாட்டேங்குது மாஸ்டர். கடையைப் பூட்டிட்டேன். பழைய புடவைக் கடை முதலாளிகிட்டப் பேசிட்டேன். வாசல்ல நின்னு, வர்றவங்களை வாங்க வாங்கன்னு கூப்பிடற வேலை இருக்காம். நாளைக்கு வரச்சொல்லியிருக்காரு."

"போகப் பிடிச்சிருக்கா?"

தட்சிணாமூர்த்தி சாக்கு மூட்டையை மாஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

மாஸ்டர் சாக்கை அவிழ்த்தார். மிஷினைத் தூக்கி மேசைமேல் வைத்து நாலு பக்கமும் போல்ட்டை முறுக்கினார். ஒரு தடவை உலுக்கிப் பார்த்தார். ஆடவில்லை.

பிளேடைத் தானாக வந்து மூட வேண்டிய மூடி, மேலே தூக்கிச் செப்புக் கம்பியால் கட்டிக் கிடந்தது.

"அறுக்கிற கோடு தெரியமாட்டேங்குதுன்னு கட்டினேன்" என்றார் தட்சிணாமூர்த்தி.

மாஸ்டர் குறடை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் கம்பியை வெட்டினார். மூடி டப்பென்று இறங்கிப் பிளேடை மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கே அவருடைய தோள் துள்ளியது.

மாஸ்டர் மூடியைத் தூக்கி, பிளேடைக் கையால் மெல்லச் சுற்றினார். ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். எதுவும் உடையவில்லை. ஆனால் பற்களின் அடியில் பிசின் கறுத்துக் காய்ந்து கிடந்தது.

"தினம் துடைச்சீங்களா?"

"ஆரம்பத்துல துடைச்சேன்."

மாஸ்டர் பிளேடைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெய், பழைய பிரஷ், துணி.

தட்சிணாமூர்த்தி தேய்க்க ஆரம்பித்தார். பிசின் கரைந்து தேன் நிறத்தில் வழிந்தது. பழைய வாசனை வந்தது. மனம் கொஞ்சம் லேசானது.

அதற்குள் மாஸ்டர் மூலைமட்டத்தை வைத்து, சட்டம் சாய்ந்து நிற்கிற பின்தடுப்பைப் பார்த்தார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது.

"சட்டத்தோட மூலை சேர்ந்திருக்காதே?"

"இடைவெளியைப் பட்டி போட்டு அடைச்சேன்."

மாஸ்டர் திருகைத் தளர்த்தித் தடுப்பை நகர்த்தினார். வெளிச்சம் மறைந்தது. திருகை இறுக்கினார். துடைத்து உலர்ந்த பிளேடை வாங்கி மாட்டினார்.

"இப்ப சொல்லுங்க. எப்படி ஆச்சு?"

*

"ஒரு பொண்ணு வந்துச்சு மாஸ்டர். புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு. நான் அறுத்துக்கிட்டு இருந்தேன். முடிச்சுட்டு சுவிட்சை விட்டேன். அப்பப் பார்த்து, இந்தப் படம் எத்தனை வருசம் மங்காம இருக்கும்னு கேட்டுச்சு."

"ம்."

"எவ்வளவு பெரிய கேள்வி பாருங்க. நான் உடனே பதில் சொல்லலை. உங்களை மாதிரியே பேசாம நின்னேன். கண்ணை மூடிக்கிட்டேன்."

மாஸ்டரின் புருவம் ஏறியது.

"என்னை மாதிரியா?"

"நீங்க அப்படித்தானே செய்வீங்க? யார் என்ன கேட்டாலும் பேசாம இருப்பீங்க. உள்ள போயி யோசிச்சுட்டு அப்புறமாத்தான் வாயைத் திறப்பீங்க. நானும் என் கடையில அப்படித்தான். மன்னார்குடியில என்னைச் சாமியார்னே சொல்றாங்க."

"நான் எப்பண்ணே கண்ணை மூடினேன்?"

தட்சிணாமூர்த்தி யோசித்துப் பார்த்தார். மாஸ்டர் கண்ணை மூடி ஒரு நாளும் பார்த்ததில்லை. அது இவரே சேர்த்துக்கொண்ட ஜரிகை.

"சரி, கண்ணை மூடலை. யோசிச்சீங்கல்ல?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிளேடு நிக்கட்டும்னு இருந்தேண்ணே."

"அவ்வளவுதானா?"

"இந்தச் சத்தத்துல நீங்க கேட்டது எதுவும் என் காதுல விழுந்ததே இல்லை. அதான் திருப்பித் திருப்பி என்ன கேட்டீங்கன்னு கேப்பேன்."

தட்சிணாமூர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் அசைபோட்ட சாயங்காலங்கள் எல்லாம் கண்முன் வந்து போயின. கோபம் வந்தது. வெட்கம் வந்தது. அந்த நாட்கள் கையைவிட்டுப் போனதைப் போல ஒரு துக்கமும் வந்தது.

மாஸ்டர் சிரிப்பை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு கேட்டப்ப, உங்க பிளேடு?"

"சுத்திக்கிட்டு இருந்துச்சு. மிஷின் தலையைத் தூக்கிட்டேன். மூடிதான் கட்டிக் கிடந்துச்சே."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

"கை?"

தட்சிணாமூர்த்தி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"புடவை மடிச்ச கை மாஸ்டர். அறுந்து கிடந்த துண்டை ஒதுக்கி வைக்கத் தானாப் போச்சு."



*

மாஸ்டர் எழுந்து ஒரு தேக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மிஷினை நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்திப் பூட்டினார். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியை நீட்டினார்.

"மாட்டிக்குங்க."

"வேண்டாம் மாஸ்டர்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

தட்சிணாமூர்த்தி கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். சட்டத்தைப் பின்தடுப்போடு சேர்த்து வைத்து, கிளாம்பால் இறுக்கினார். இடது கையை பிளேடிலிருந்து ஒரு சாணுக்கும் மேலே தள்ளி வைத்தார். மரத்தோடு அழுத்திப் பிடித்தார்.

மாஸ்டர் பிளக்கைச் செருகினார். எதிரில் போய் நிற்காமல் பக்கவாட்டில் நின்றார்.

வலது கை சுவிட்சருகே போனது. நின்றது. திரும்பி வந்தது. சட்டையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டது. மறுபடி போனது.

அழுத்தினார்.

மிஷின் அலறியது. அவர் உடனே இறக்கவில்லை. முழு வேகம் வரட்டும் என்று பொறுத்தார். சத்தம் ஒரே சீராக வந்ததும் மெல்ல இறக்கினார். தேக்கு வாசனை முகத்தில் அடித்தது.

ஓரக்கண்ணில் மாஸ்டரின் உதடுகள் அசைவது தெரிந்தது. ஏதோ கேட்கிறார்.

தட்சிணாமூர்த்தி திரும்பவில்லை.

சட்டம் அறுந்தது. துண்டு ஓரமாகச் சாய்ந்தது. இடது கையில் ஒரு துடிப்பு எழுந்தது. அதையும் பார்த்தார். கை இருந்த இடத்திலேயே இருந்தது.

சுவிட்சை விட்டார். தலையைக் கீழேயே பிடித்திருந்தார். மாஸ்டரின் உதடுகள் இன்னொரு தடவை அசைந்தன. சத்தம் இறங்கியது. வெள்ளி வட்டமாகத் தெரிந்தது தனித்தனிப் பற்களாகப் பிரிந்தது. கடைசிப் பல் மெல்ல வந்து நின்றது.

தலையைத் தூக்கினார். மூடி தானாக வந்து மூடிக்கொண்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க மாஸ்டர். என்ன கேட்டீங்க?"

"இந்த மிஷினை யாருக்குக் கொடுக்கலாம்னு கேட்டேன்."

தட்சிணாமூர்த்தி கண்ணாடியை இறக்கினார். இரண்டாவது சட்டத்தை எடுத்து வைத்து, கிளாம்பை இறுக்கி, சுவிட்சை அழுத்தினார்.