சாம்பல்ல பதிஞ்ச தடம்

ஒரு ஊர்ல ஒரு அம்மா. நம்மூர் இல்லடா, கடலுக்கு அந்தாண்ட மெக்சிகோன்னு ஒரு தேசம், அங்க ஒரு மலையூர். ம் சொல்லு, அப்பத்தான் அத்தைக்குக் கதை வரும். ஆங்.

அந்த அம்மாவுக்கு நயேலின்னு ஒரு பொண்ணு, பொறந்து மூணே நாளான ஒரு பையன். அந்த ஊர்ல ஒரு வழக்கம். குழந்தை பொறந்தா வீட்டைச் சுத்திச் சாம்பல் தூவுவாங்க. எந்த மிருகம் முதல்ல வந்து அதுல கால் வைக்குதோ, அதுதான் குழந்தைக்கு ஆயுசுக்கும் துணை. அதோட கொணம்தான் இதுக்கும் வரும்.

அப்போ பாரு, அந்த அம்மாவுக்குப் பால் வத்திப்போச்சு. குழந்தை வீல்வீல்னு கத்துது. தின்னா பால் சுரக்க வைக்கிற தழை செங்குத்துப் பாறை மேலதான் இருக்கு, மனுஷக் கால் ஏறாது. அவளுக்கு மானா மாறத் தெரியும், ஆனா பொண்ணுகிட்ட சொன்னதில்ல. தம்பியைப் பாத்துக்கோன்னுட்டு, மரத்துக்குப் பின்னால போயி மூணு தரம் உருண்டா. மானாயிட்டா. டக்டக்டக்னு பாறை ஏறித் தழையைத் தின்னா. ஆனா தன் வீட்டு வாசப்படியைத் தாண்டினாத்தான் திரும்ப மனுஷியாக முடியும். கேக்குறியா? ம்.

அப்புறம் நம்ம நயேலி என்ன பண்ணா? பெரிய மனுஷி மாதிரி தானே அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவிட்டு, கையில குச்சியோட உக்காந்துட்டா. தம்பிக்குச் சிறுத்தைதான் வரணுமாம். கொழுப்பைப் பாரு.

மான் வந்துச்சு. பயந்தாங்கொள்ளி மானா என் தம்பிக்குன்னு, ச்சூன்னு வெரட்டிட்டா. மறுபடி வந்துச்சு. குச்சியால பட்டுனு ஒண்ணு போட்டா. மூணாவது தரம் வந்தப்போ கல்லையே எடுத்து வீசிட்டா, மான் முட்டியில ரத்தம். எனக்கே வலிக்குதுடா சொல்றப்போ.

ஆனா மான் ஓடல. உள்ள குழந்தை அழுதுச்சா, அந்தச் சத்தத்துக்கு மான் மடியிலேர்ந்து சொட்டு சொட்டுன்னு பால் விழுந்துச்சு. நயேலி பாத்தா. குச்சி கை நழுவிடுச்சு.

"அம்மாவா?"ன்னு கேட்டா.

மான் நொண்டிக்கிட்டே சாம்பலை மிதிச்சு, படியைத் தாண்டுச்சு. உள்ள பாத்தா, மான் இருந்த எடத்துல அம்மா உக்காந்திருந்தா. தம்பி சப்புசப்புன்னு பால் குடிக்கிறான். நயேலி அம்மா காலைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. உன்னை அடிச்சுட்டேனே, தம்பிக்கும் போயும் போயும் மான்தானே வந்துச்சுன்னு தேம்பினா.

அம்மா அவ தலையைக் கோதிவிட்டா. "மூணு தரம் வெரட்டியும் திரும்பி வந்த மான்டி அது. உன் தம்பிக்கு இதுக்கு மேல என்ன தைரியம் வேணும்?"

அவ்ளோதான் கதை. தம்பி வயிறு ரொம்பித் தூங்கிட்டான், நயேலியும் தூங்கிட்டா. நீயும் கண்ணை மூடு.